பெருந்தொற்று வருவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைப்பது எப்படி: வட்டார அளவில் மாடல் முதல் மருத்துவமனைத் திட்டம் வரை

பெருந்தொற்று மாடல் (நோய் எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் கணக்கு) என்றாலே எல்லோரும் கேட்பது "உச்சம் எப்போது, மொத்தம் எத்தனை பேருக்கு வரும்?" என்றுதான். வட்டார அளவில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி பெரிதாக உதவாது. உங்களுக்குத் தேவையான கேள்வி இது: இன்று முடிவெடுத்தால் கூடுதல் வார்டு திறக்க எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களில் நோயாளிகள் எத்தனை மடங்காவார்கள், அப்படியானால் எந்த எண்ணைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போட வேண்டும்? இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான்.

2014 செப்டம்பரில் எபோலா பரவியபோது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கு வெளியிட்டது. எதுவுமே செய்யாமல் விட்டால், பதிவாகாதவர்களையும் சேர்த்து, 2015 ஜனவரிக்குள் லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம் என்றது. கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பதிவானது சுமார் 28,600 பேர். மாடல் தோற்றுவிட்டது என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "எதுவும் செய்யாவிட்டால்" என்று கேட்ட கேள்விக்குத்தான் அந்த எண் பதில், அதன் பிறகு உலகம் சும்மா இருக்கவில்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு வரைபடத்துக்கு மேலும் அது எந்த "இப்படி நடந்தால்" என்பதற்கான பதில் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் படி: உங்கள் வட்டாரம் எது?

வரைபடத்தில் உள்ள நிர்வாக எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நோயாளிகளுக்கு அந்தக் கோடு தெரியாது. மருத்துவமனையின் கடந்த இரண்டு வருட உள்நோயாளிப் பதிவை எடுத்து, முகவரிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு பக்கத்து வட்டாரத்திலிருந்து வருகிறது என்றால், உங்கள் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களும் உண்டு. உங்கள் ஆட்களில் கணிசமானவர்கள் வெளியே போய்ச் சிகிச்சை எடுக்கிறார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெருந்தொற்றின்போது அந்தக் கதவு மூடப்படலாம், அப்போது அவர்கள் எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள்.

வயதுவாரியான மக்கள்தொகையும் இப்போதே கையில் இருக்கட்டும். கோவிட் தொடக்கத்தில், தடுப்பூசி வருவதற்கு முன்பு, தொற்று வந்தவர்களில் இறந்தவர்களின் விகிதம் 55 வயதில் ஏறக்குறைய 0.4 சதவீதம், 65-ல் 1.4, 75-ல் 4.6, 85-ல் 15 என்று ஏறியது. முதியவர் அதிகம் உள்ள வட்டாரமும் இளைஞர் அதிகம் உள்ள வட்டாரமும் ஒரே கிருமிக்கு ஒரே மாதிரி படுக்கை கேட்காது. அதே சமயம் அடுத்த கிருமியும் முதியவர்களைத்தான் தாக்கும் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ காய்ச்சல் 20 முதல் 40 வயதுக்காரர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது.

இரண்டாம் படி: படுக்கைகளை நேரில் போய் எண்ணுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படவே கூடாது. மாடலில் ஆயிரம் நுணுக்கம் சேர்த்தாலும், கொள்ளளவு என்ற கட்டத்தில் தப்பான எண் இருந்தால் எல்லாம் வீண்.

கோப்பில் 600 படுக்கை என்று இருக்கும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக நடங்கள். ஒவ்வொரு கட்டிலின் முன்னும் நின்று, தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் முனை இருக்கிறதா, இருந்தால் அதைத் திறந்தால் காற்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு பொறுப்பாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் திறந்து, கடைசிக் கட்டிலில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பாதி முனைகள் மட்டும் ஓடும்போது தெரியாத குறை அங்கேதான் தெரியும்: குழாயின் விட்டம் பழைய தேவைக்குப் போட்டதாக இருக்கும், வால்வு பாதி அடைத்திருக்கும். நோயாளிகள் யாரும் அந்தக் குழாயை நம்பி இல்லாத நேரத்தில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். வென்டிலேட்டர் என்றால் அதை ஓட விட்டுப் பாருங்கள். சென்சார் இல்லாமல், குழாய்த் தொகுப்பு இல்லாமல், பேட்டரி செத்து மூலையில் நிற்கும் இயந்திரத்தை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அப்புறம் இரவு இரண்டு மணிக்கு ஒரு தடவை போங்கள். அந்த நேரத்தில் பணியில் இருக்கும் செவிலியர் எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான கொள்ளளவு.

இப்படி நடந்து முடித்தபோது 600 என்பது 430 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதிலும் பிரசவம், விபத்து, டயாலிசிஸ், பச்சிளங்குழந்தை என்று எந்தப் பெருந்தொற்றிலும் நிறுத்த முடியாத சேவைகளுக்கு 150 போய்விட்டால் மீதி 280. இனிமேல் கணக்கு முழுக்க இந்த 280-ஐ வைத்துத்தான்.

மூன்றாம் படி: எந்தத் தகவலை நம்புவது?

தினசரி பாதிப்பு எண்ணிக்கையை மட்டும் நம்பி எதையும் செய்யாதீர்கள். பரிசோதனை கூடினால் அது கூடும், பரிசோதனைப் பொருள் தீர்ந்தால் குறையும். எவ்வளவு பரிசோதனைக்கு எவ்வளவு பாசிட்டிவ் என்ற விகிதத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். கழிவுநீரில் கிருமியின் அளவைப் பார்க்கும் வசதி இருந்தால் நல்லது, யாரும் மருத்துவமனைக்கு வராமலே பரவலின் போக்கு அதில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட நான் நம்புவது தினமும் புதிதாகச் சேர்க்கப்படும் உள்நோயாளிகளின் எண்ணிக்கையை. தாமதமாக வரும், ஆனால் பரிசோதனை ஏற்ற இறக்கத்தால் அவ்வளவாகக் கெடாது.

ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளே அதில் விழுந்து பார்த்திருக்கிறேன். அறிகுறி தொடங்கிய தேதிப்படி வரைபடம் போட்டால் கடைசி ஐந்தாறு நாள் எப்போதும் இறங்குமுகமாகவே தெரியும், காரணம் அந்த நாட்களில் நோய்வாய்ப்பட்டவர்கள் இன்னும் பதிவுக்கு வந்து சேரவில்லை. அதைப் பார்த்து "குறைகிறது" என்று அறிவித்துவிட்டால் அடுத்த வாரம் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கடைசி நாட்களைச் சாம்பல் நிறத்தில் போடுங்கள், அல்லது தாமதத்துக்கான திருத்தம் செய்யுங்கள். விடுமுறை நாட்களில் பதிவு குறைவதால் 7 நாள் சராசரி கட்டாயம்.

நான்காம் படி: எவ்வளவு மாடல் போதும்?

1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் எழுதிய அடிப்படைக் கணக்குதான் இன்றும் அஸ்திவாரம். மக்களை மூன்று பெட்டியாகப் பிரிக்கிறோம்: நோய் வரக்கூடியவர்கள், இப்போது பரப்புகிறவர்கள், மீண்டவர்கள். தொற்று உடலில் புகுந்தும் இன்னும் பரப்பத் தொடங்காதவர்களுக்கு ஒரு பெட்டி சேர்த்தால் நான்கு. ஒரு எக்செல் ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு நாள் என்று போட்டு இதை ஓட்டிவிடலாம். தொடங்குகிறவர்கள் இதைக் கையால் ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டுப் பிறகு பெரிய மென்பொருளுக்குப் போங்கள்.

அந்த ஷீட்டில் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். யாருக்கும் முன்னெதிர்ப்பு இல்லாத ஊரில், ஒருவர் சராசரியாக 2 பேருக்குப் பரப்பினால், உச்சத்தில் ஒரே சமயம் சுமார் 15 சதவீதம் பேர் தொற்றோடு இருப்பார்கள், மொத்தத்தில் 80 சதவீதம் பேருக்கு வந்து போகும். அதே பரவல் எண்ணைக் கால் பங்கு குறைத்து 1.5 ஆக்குங்கள். உச்சம் சுமார் 6 சதவீதமாக இறங்குகிறது, மொத்தம் 58. பரவலில் கால் பங்கு குறைத்ததற்கு உச்சத்தில் பாதிக்கும் மேல் குறைகிறது. முகக்கவசம், காற்றோட்டம், கூட்டம் குறைப்பது போன்றவை தனித்தனியாகச் சின்னதாகத் தெரிந்தாலும் ஏன் மதிப்புள்ளவை என்று கூட்டத்தில் கேட்டால் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

இதற்கு மேல் இரண்டு சேர்க்கைகள்தான் வட்டார அளவில் உண்மையிலேயே பயன் தருகின்றன. ஒன்று, வயதுக் குழுக்கள். யார் யாரோடு எவ்வளவு பழகுகிறார்கள் என்பதற்கு எட்டு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2008-ல் வெளியான பாலிமாட் ஆய்வு முன்னோடி, அதை வைத்துப் பிற நாடுகளுக்கும் மதிப்பீடுகள் இருக்கின்றன. இரண்டு, போக்குவரத்து. பெரிய நகரத்தில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அதிகம் உள்ள சிற்றூருக்கு நோய் முதலில் வரும், ஒதுங்கிய ஊருக்குப் பின்னால் வரும். எல்லா ஊரையும் ஒரே பாத்திரத்தில் கலக்கினால் இந்த முன்பின் காணாமல் போய், உச்சம் ஒரே நாளில் வருவதுபோல் தெரியும். உண்மையில் இந்த இடைவெளிதான் ஆம்புலன்ஸையும் ஆட்களையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

தொற்று பத்துப் பதினைந்து பேரிடம் மட்டும் இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் சராசரிக் கணக்கு ஏமாற்றும். 2003-ல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது பெரும்பாலானவர்கள் யாருக்குமே பரப்பவில்லை, ஒரு சிலர் மட்டும் நிறையப் பேருக்குப் பரப்பினார்கள். அந்தக் கட்டத்துக்குத் தற்செயலையும் சேர்த்து ஆயிரம் தடவை ஓட்டும் மாடல் வேண்டும். அதில் பல ஓட்டங்களில் நோய் தானாகவே அணைந்துவிடும், சிலவற்றில் வெடிக்கும். இரண்டையும் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: தொற்றிலிருந்து படுக்கைக்கு

மூன்று எண்கள் வேண்டும்: தொற்றுவோரில் எத்தனை சதவீதம் சேர்க்கை, தொற்றிலிருந்து சேர்க்கைக்கு எத்தனை நாள், சேர்ந்தவர் எத்தனை நாள் தங்குகிறார். தினம் 50 பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் 8 நாள் தங்கினால் தேவை 400 படுக்கை. எளிய பெருக்கல். ஆனால் இது சேர்க்கை நிலையாக இருக்கும்போதுதான் சரி. 5 நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிக்கொண்டே போய் இன்று 50-ஐத் தொட்டிருக்கிறது என்றால், முந்தைய நாட்களில் சேர்ந்தவர்கள் குறைவு, அதனால் இன்று நிரம்பியிருப்பது 250 சுமார்தான். அப்போது வார்டில் இடம் இருப்பதாகத் தோன்றும். நாளையே பரவல் நின்று சேர்க்கை தினம் 50 என்று சமமானாலும், படுக்கை அடுத்த ஒரு வாரத்தில் 400-க்கு ஏறிவிடும். நம்மிடம் இருப்பது 280.

இன்னொரு தாமதமும் இருக்கிறது. தொற்றிலிருந்து சேர்க்கைக்குச் சுமார் 10 நாள் என்று வைத்துக்கொண்டால், அடுத்த 10 நாள் வரப்போகிறவர்களுக்கு ஏற்கெனவே தொற்று வந்துவிட்டது. 5 நாள் இரட்டிப்பில் 10 நாள் என்பது நான்கு மடங்கு. இன்று தினம் 10 பேர் சேர்கிறார்கள் என்றால், இந்த நிமிடமே ஊரை முழுவதும் அடைத்தாலும் தினம் 40 வரை போகும். கட்டுப்பாடு போட்டு மூன்றாம் நாளே "ஒன்றும் பலனில்லையே" என்று கேட்கிறவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே விளக்கி வைப்பது இன்னும் நல்லது.

ஆறாம் படி: ஆக்சிஜனும் ஆட்களும்

படுக்கையைவிட முன்னால் தீர்வது இவை இரண்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் திட்டமிடுவதற்குச் சொன்ன அளவு: கடும் நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர், மிகக் கவலைக்கிடமானவருக்கு 30 லிட்டர். 200 பேர் முதல் வகை, 50 பேர் இரண்டாம் வகை என்றால் நிமிடத்துக்கு 3,500 லிட்டர், ஒரு நாளைக்கு 50 லட்சம் லிட்டருக்கு மேல். 7 கன மீட்டர் பெரிய சிலிண்டரில் சொன்னால் தினம் 720 சிலிண்டர். அத்தனையையும் இறக்கி, மாற்றி, காலியானதை ஏற்றி அனுப்ப எத்தனை கைகள் வேண்டும் என்று யோசித்தாலே, சிலிண்டரை மட்டும் நம்பி இந்த அளவைச் சமாளிக்க முடியாது என்று புரிந்துவிடும். திரவ ஆக்சிஜன் என்றால் 6,000 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடையில் ஏழு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 10,000 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூட வராது. லாரி எங்கிருந்து வருகிறது, வர எத்தனை மணி நேரம், அதே லாரியை நம்பி இன்னும் எத்தனை மருத்துவமனைகள் இருக்கின்றன என்று சப்ளையரிடம் இன்றைக்கே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் கவலை தருவது.

ஆட்கள் விஷயத்தில், 50 தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு இரண்டு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்றால் ஒரு ஷிப்டுக்கு 25, மூன்று ஷிப்டுக்கு 75. வார விடுப்பைச் சேர்த்தால் 88. அவர்களில் 15 சதவீதம் பேர் தாங்களே நோயில் படுத்திருப்பார்கள் என்று கணக்கிட்டால் பட்டியலில் 104 பேர் வேண்டும். "75 பேர் இருக்கிறார்கள், போதும்" என்று கோப்பில் எழுதினால், அந்த 29 பேரின் வேலையும் மீதிப் பேரின் உடம்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அவர்களுக்கான பாதுகாப்பு உடை, தங்குமிடம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இதெல்லாம் திட்டத்துக்குள்ளேயே வர வேண்டியவை, பின்னிணைப்பில் தள்ள வேண்டாம்.

ஏழாம் படி: கையெழுத்துப் போடும் எண்

ஒவ்வொரு வேலைக்கும் முடிவிலிருந்து கைக்கு வரும் வரை எத்தனை நாள் என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். கூடுதல் வார்டு திறக்க 14 நாள் என்று வைப்போம். இரட்டிப்பு நேரம் 5 நாள் என்றால் 14 நாளில் ஏறக்குறைய 7 மடங்காகும். 280-ஐ 7-ஆல் வகுத்தால் 40. அதாவது 280 படுக்கையில் வெறும் 40 பேர் இருக்கும்போது, வார்டில் நடந்தால் காலியாகவே தெரியும் அந்த நாளில், புது வார்டுக்கான உத்தரவு போயாக வேண்டும். இரட்டிப்பு 10 நாள் என்றால் அந்த எண் 106. 3 நாள் என்றால் 11.

இந்த மூன்று எண்களையும் கூட்டத்தில் முதல் தடவை சொல்லும்போது யாரும் நம்ப மாட்டார்கள். 280 இருக்கும்போது 40-க்கே ஏன் பதற்றம் என்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 1918 ஃப்ளூவில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முதல் நோயாளிகள் செப்டம்பர் 17 அன்று பதிவானார்கள், 28 அன்று பெரிய ஊர்வலம் நடந்தது, பள்ளிகளும் கூட்டங்களும் மூடப்பட்டது அக்டோபர் 3-ல். இன்னொரு அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸில் முதல் பதிவு அக்டோபர் 5, கட்டுப்பாடு 7. உச்ச வாரத்தில் லட்சம் பேருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான இறப்பு பிலடெல்பியாவில் 257, செயின்ட் லூயிஸில் 31. முதல் பதிவிலிருந்து கட்டுப்பாடு வரை பிலடெல்பியாவுக்கு 16 நாள், செயின்ட் லூயிஸுக்கு 2 நாள் ஆனது; வித்தியாசம் ஏறக்குறைய 14 நாள், அந்தக் காய்ச்சலுக்கு அது மூன்று முதல் ஐந்து இரட்டிப்பு. இந்த ஒரு உதாரணத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

இரட்டிப்பு நேரம் கண்டுபிடிக்கக் குறுக்குவழி: தினசரி வளர்ச்சி சதவீதத்தால் 70-ஐ வகுங்கள். தினம் 15 சதவீதம் ஏறினால் கிட்டத்தட்ட 5 நாள். 11 போன்ற சின்ன எண்ணில் ஒரே குடும்பம் சேர்ந்து வந்தாலும் எல்லை தாண்டிவிடும் என்பது நியாயமான பயம்தான், அதனால் எண்ணோடு "தொடர்ந்து ஏழு நாள் ஏறுமுகம்" என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஏழு நாளையும் 14-உடன் கூட்டிக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கட்ட வேண்டாம். பட்டியல் தயாரிப்பது, சப்ளையருக்குப் போன் செய்வது, ஓய்வு பெற்றவர்களின் சம்மதம் வாங்குவது போன்ற செலவில்லாத வேலைகளுக்கு மிகக் குறைந்த எண். அறுவை சிகிச்சைகளைத் தள்ளி வைப்பது போல வலி தரும் முடிவுகளுக்கு உயர்ந்த எண். எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் எதைத் திரும்பத் திறப்பது என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், அவசரத்தில் மூடிய சேவைகள் தானாகத் திறப்பதில்லை.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் ஒரு பதவியின் பெயர் வேண்டும், அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் வேண்டும். "குழு கூடி முடிவெடுக்கும்" என்று எழுதினால் குழு கூடவே நான்கு நாள் போய்விடும். 5 நாள் இரட்டிப்பில் அந்த நான்கு நாளுக்குள் நோயாளிகள் முக்கால் பங்கு கூடியிருப்பார்கள்.

எட்டாம் படி: ஒத்திகை, அப்புறம் திருத்தம்

பிரிட்டன் 2016 அக்டோபரில் சிக்னஸ் என்ற பெயரில் கடும் ஃப்ளூ பெருந்தொற்றுக்கு ஒத்திகை பார்த்தது. கடும் பெருந்தொற்றைத் தாங்க நாட்டின் தயார்நிலை போதாது என்று அறிக்கையே சொன்னது. ஒத்திகையில் தெரிந்த குறைக்கு ஒரு பொறுப்பாளரும் கெடு தேதியும் போடாவிட்டால் அது அறிக்கையாகவே தங்கிவிடும். நீங்கள் வட்டார அளவில் அரை நாள் மேசை ஒத்திகை நடத்தினாலே போதும். காலை பத்து மணிக்கு "இன்று 12 பேர் சேர்ந்திருக்கிறார்கள்" என்று ஒரு தாளை நீட்டுங்கள், அரை மணிக்கு ஒரு முறை அடுத்த வாரத்தின் தாள். யார் யாருக்குப் போன் செய்கிறார்கள், எந்த எண் எடுக்கப்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாடலுக்கும் ஒத்திகை உண்டு. பழைய அலையின் கடைசி நான்கு வாரத் தகவலை மறைத்து வைத்து, அதற்கு முந்தையதை மட்டும் கொடுத்துக் கணிக்கச் சொல்லுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எத்தனை தடவை உண்மை நிலவரம் நீங்கள் சொன்ன வரம்புக்கு வெளியே விழுந்தது என்று எண்ணி, அந்த எண்ணை அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியாக மாடல் செய்கிறார்கள் என்றால் அவற்றின் சராசரி பெரும்பாலும் தனி ஒருவருடையதைவிடச் சரியாக வரும், கோவிட் காலக் கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது திரும்பத் திரும்பத் தெரிந்தது இது.

பரவல் தொடங்கிவிட்டால் வாரம் ஒரு முறை இரட்டிப்பு நேரத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, ஏழாம் படியின் அட்டவணையைத் திருத்தி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணையும் தேதியையும் எழுதி, கையெழுத்துப் போட வேண்டியவரின் மேசைக்கு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.